பதினாறு ஆம்ப்ஸ்

“பிரேக்கர்ல பதினாறுன்னு போட்டிருந்தா பதினாறு ஆம்ப்ஸ் வரைக்கும் தாங்கும். மிஞ்சினா ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்திடும்.”

“இன்னும் பெரிசாப் போட்டா?”

“வயர் வெந்து வீடு பத்திக்கும். சின்னதாப் போட்டா ஆபத்தில்ல, தொட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்கும். உன்னை மாதிரி.”

“சரி, ட்ரிப் ஆனா நான் என்ன பண்றது?”

“எலக்ட்ரீசியனைக் கட்டிக்கிட்டவ கேக்கற கேள்வியா இது? என்னைக் கூப்பிடு.”

கல்யாணமான புதிதில் அவளும் கணவரும் பேசியது. இப்போது அவர் வேலைக்கே போவதில்லை. ஒரே மகனை விபத்தில் பறிகொடுத்த இந்த ஏழு மாதமும், அவனுடைய அறையே கதியென்று கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதி காலியாகி வெளியே வரும். அவளுக்கும் அழுகை வற்றிவிட்டது.

அதனால்தான் தினமும் மாலை நாலு மணிக்கு அவள் ஹீட்டரைப் போட்டாள். அது பதிமூன்று ஆம்ப்ஸ் இழுக்கும். கெட்டில் ஏழு. பிறகு, துணியே இல்லாத மேஜையில் இஸ்திரிப்பெட்டி, அது ஒரு நாலு. இருபத்துநாலைப் பதினாறு எவ்வளவு நேரம் தாங்கும்? சில நிமிஷங்களில் வீடு அடங்கிவிடும்.

“கரண்ட் போச்சுங்க.”

கதவு திறக்கும். அவர் வந்து பிரேக்கரைத் தூக்கிவிட்டு, “எல்லாத்தையும் ஒண்ணாப் போடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?” என்பார். கதவு மூடும். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மறுநாள் நாலு மணிவரை அவள் ஓட்டினாள்.

நேற்று மட்டும், கட்டிலடியில் கிடந்த வேலைப்பையை இழுத்து வந்து, ஸ்க்ரூடிரைவரோடு பிரேக்கர் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். இனி ட்ரிப்பே ஆகாதபடி ஏதாவது செய்துவிட்டாரோ என்று அவளுக்குத் திக்கென்றது.

இன்று காலை குளிப்பதற்காக ஹீட்டரை மட்டும் போட்டாள். ஒரே நிமிஷம், டக்கென்று எல்லாம் நின்றது.

வெறும் பதிமூன்றுக்கா? ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். பிரேக்கர் புதுசு. அதில் 6 என்றிருந்தது. ஆறுக்கு முன்னாலிருந்த 1 அழிந்துபோயிற்றோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

கூப்பிடுவதற்கு முன்பே அவர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“என்னங்க இது, ஆறைப் போட்டிருக்கீங்க? தொட்டதுக்கெல்லாம் போகுமே!”

“போகட்டும்னுதான்.” அவர் பிரேக்கரைத் தூக்கிவிடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே கூப்பிடறே… இன்னும் கொஞ்சம் கூப்பிடேன்.”