வருவதாகச் சொன்னார்

“மிஸ், இது என்ன மீன்ரை முள்ளு? சூடையோ, ஒட்டியோ?”

ஜெயசுதன் கேட்டதும் வகுப்பே சிரித்தது. வெண்பலகையில் நான் வரைந்திருந்தது மீன்முள் வரைபடம். தலையில் ஒரு மரணம், ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம். மீனவர் ஊரான குருநகரில் பிறந்தவளுக்கே மீன் வரையத் தெரியவில்லை என்பது அவனுக்குப் பெரிய பகிடி.

இருபது இளம் டொக்டர்மார். அடுத்த வருடம் ஆளுக்கொரு பிரதேசத்தின் சுகாதாரம் இவர்கள் கையில். ஒன்பது வருடங்களாக முகாமைத்துவத்தின் முதல் பாடத்துக்கு பதினாறு வருடத்துக்கு முந்திய இந்த ஒரே சம்பவத்தைத்தான் கொடுக்கிறேன். பெயர்களை நீக்கி, தட்டச்சு செய்து.

ஒரு கிராமத்துக் கிளினிக். எட்டு மாதக் கர்ப்பிணி. பிரஷர் ஏறியிருக்கிறது, இன்றே வார்டில் நிற்க வேண்டும் என்று டொக்டர் சொல்கிறார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. படலையடியில் திரும்பி, “சரி டொக்டர், வாறன்” என்கிறாள். டொக்டர் அட்டையில் எழுதுகிறார்: ‘வருவதாகச் சொன்னார்.’

அதனால் யாரும் தேடிப் போகவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் வலிப்பு. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

“யார் பிழை என்று தேடாதீர்கள். எங்கே பிழை என்று தேடுங்கள்” என்றேன், வழக்கம்போல.

வழக்கமான முட்கள்தான் வந்தன. வாகனம் இல்லை. ஆள் போதாது. தொலைபேசி எண் எழுதவில்லை. நானும் சளைக்காமல் எழுதினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அந்தப் பெண்மீதுதான் கோபம். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் இந்த மீனே இல்லை.

பின்வரிசையில் ஆரணி கை உயர்த்தினாள். உரும்பிராய்ப் பெண். அதிகம் கதைக்க மாட்டாள்.

“மிஸ், அவ வரப்போறன் எண்டு சொல்லேல்லை. போறன் எண்டெல்லோ சொன்னவ. எங்கடை ஆக்கள் ஆர் போறன் எண்டு வாய் திறந்து சொல்லுறது? போகேக்கை வாறன் எண்டுதானே சொல்லுறது.”



தாளை இன்னொரு தடவை பார்த்தாள். “உதை எழுதின டொக்டர் வெளியாள் போலை. பாவம், எங்கடை கதை விளங்கேல்லை.”

பேனா பிடித்த கை பலகையிலேயே நின்றுவிட்டது. இன்று காலைகூட நானே வீட்டுப் படலையைச் சாத்தும்போது ‘வாறன்’ என்றுதானே சொன்னேன்! பதினாறு வருடமாக, செத்துப்போன ஒருத்தியைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆரணி அந்த அட்டையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், பலகையில் இருக்கும் இதே சரிந்த எழுத்து என்று கண்டுபிடித்திருப்பாள்.

நேரம் முடிந்தது. பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

“வாறன் மிஸ்.”

“வாறன் மிஸ்.”

ஒவ்வொருவராக வாசலைத் தாண்டினார்கள். கடைசியாக ஆரணி திரும்பிப் பார்த்து, அவளும் அதையே சொன்னாள்.

“எப்ப?” என்று கத்திவிட்டேன். “எப்ப வருவீர்?”