கதவைச் சாத்திட்டுப் போடு

"நான் உள்ள வரல. நீ கதவைச் சாத்திட்டுப் போடு" என்றார் மிசாவோ.

முனாகத்தா ஒசாகாவின் மின்சாதனக் கடைத்தெருவான நிப்போன்பாஷியில் இருபது வருஷமாக ஸ்டீரியோ கடை வைத்திருப்பவர். கேட்டுப் பார்த்து வாங்குவதற்கென்றே கடையின் பின்பக்கம் ஓர் அறை, நடுவில் ஒரு தோல் நாற்காலி. அந்த நாற்காலிக்காகக் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. அறைக்கு வெளியே, குடை வைக்கிற இடத்தில் நின்றுகொண்டு ஸ்பீக்கர் தேடிய முதல் ஆள் இந்த மிசாவோ அம்மாள்தான்.

வயது எழுபதுக்கு மேல். மேலே சிறுத்தைப் புள்ளி போட்ட சட்டை. வந்ததும் வராததுமாகக் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு, "புத்தக அலமாரியில வைக்கிற அளவுல, நல்லதா ஒரு ஜோடி வேணும் தம்பி" என்றிருந்தார்.

"எந்தப் பாட்டைப் போட்டுக் காட்டட்டும்மா?"

பெயர் தெரியாதாம். மூக்காலேயே பாடிக் காட்டினார். "தும், தும், தும் தும்... தும்."

"அம்மா, இது அடித்தொனியில பேஸ் வாசிக்கிறவரோட பங்கு. மெட்டு எங்கம்மா?"

"மெட்டே இதுதான். பதினோரு வருஷமா கேக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

முனாகத்தா தொழிலில் புலி. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு பழைய ஜாஸ் இசைத்தட்டை உருவி, கதவைத் திறந்து வைத்தபடியே ஓடவிட்டார். எடுத்த எடுப்பில் சாக்ஸபோன் குழைந்தது. மிசாவோ முகத்தைச் சுளித்தார்.

"நடுவுல யாரு இது, ஊளையிடறது?"

"அதுதாம்மா பாட்டு."

"எனக்கு வேணாம். சாத்து கதவை."

சாத்தினார். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அம்மாள் சுவரில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். விரல்கள் கைப்பைமேல் தாளம் போட்டன. பாட்டு சரிதான் போலிருக்கிறது. இனி ஸ்பீக்கர்தான் பாக்கி.

முதல் ஜோடியைக் கொசு என்று தள்ளிவிட்டார் அம்மாள். இரண்டாவது, கடையிலேயே விலை கூடியது. அறைக்குள் தேனாக ஒலித்தது, வெளியே ஒன்றும் வரவில்லை. "இவ்வளவு காசை வாங்கிக்கிட்டு வாயைத் திறக்கமாட்டேங்குதே" என்றார் மிசாவோ.

மூன்றாவது ஜோடிக்குத்தான் தலையாட்டினார். முனாகத்தா நேர்மையான மனுஷன். "இதுக்குப் பின்பக்கம் துளை இருக்கும்மா. சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைக்கணும். ஒட்டி வெச்சா பேஸ் சத்தம் சுவருக்குள்ள பூந்து அடுத்த வீட்டையே ஆட்டிடும்."

"அப்ப இதையே குடு."

ஓகோ, விஷயம் அதுவா என்று நினைத்துக்கொண்டார் முனாகத்தா. இப்படி வாங்கிப்போனவர்களை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். "பக்கத்து வீட்டோட சண்டையாம்மா?"

"சேச்சே. அவர் இருக்கிற இடமே தெரியாது. ரெண்டு மாசமா ஒரு பொட்டுச் சத்தம் இல்ல."

"பழைய ஸ்பீக்கர் என்னாச்சு?"

"குப்பைக்குப் போயிடுச்சு." மிசாவோ குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "சாயந்திரம் ஆறு மணிக்கு அந்தப் பாட்டு ஆரம்பிக்கும். நான் அரிசி களைய ஆரம்பிப்பேன். இப்ப ஆறு மணி ஆனா ஃப்ரிட்ஜ் உறுமறது மட்டும்தான். அரிசி களையவே கை வரமாட்டேங்குது. டி.வி.யைப் போட்டா ஊரே பேசுது, ஆனா பக்கத்துல ஒரு ஆள் இருக்கிற மாதிரி இல்ல தம்பி."

தனியாக இருப்பவர்களுக்குச் சாயந்திரம் ஆறு மணி பொல்லாத நேரம். முனாகத்தாவுக்கும் அது தெரியும், அவருக்காகவும் வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. பேரத்துக்குப் பேர்போன ஒசாகாக்காரி ஒருத்தி பேரமே பேசாமல் பணத்தை நீட்டியபோது அவருக்கே மனசு கேட்கவில்லை. ஸ்பீக்கர் வயரைச் சும்மாவே சேர்த்து வைத்தார்.

"இன்னிக்கே அனுப்பிடறேன். ஆறு மணிக்குள்ள வந்துடும்" என்று விலாசச் சீட்டைத் தந்தார்.

மிசாவோ நிதானமாக எழுதிக் கொடுத்தார். முனாகத்தா படித்தார். ஏதோ ஒரு குடியிருப்பு, மூன்றாம் மாடி. பெறுபவர் குட்ஸுனா.

"உங்க வீட்டுக்காரரா?"

"அவர் போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு. இது பக்கத்து வீட்டுக்காரர்."

முனாகத்தா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ஸ்பீக்கர்..."

"அவருக்குத்தான். முன்ன இருந்ததை, பெரிய சாமானுக்குன்னு மாநகராட்சி விக்கிற குப்பைச் சீட்டை ஒட்டி, அவரே கீழ கொண்டுவந்து வெச்சிட்டார். அதே அலமாரியில, அதே சுவர்ல ஒட்டித்தான் இதையும் வைப்பார்."

முனாகத்தா சாத்தியிருந்த கதவைப் பார்த்தார், அப்புறம் அம்மாளைப் பார்த்தார். மறுபடி பேனாவை எடுத்தார். "அனுப்புறவங்கன்னு உங்க பேரைப் போட்டுடட்டுமா?"

"ஐயையோ, என் பேரைப் போடாதே. கடைக் குலுக்கல்ல பரிசு விழுந்ததுன்னு சொல்லிடு."

"ஏம்மா? தெரிஞ்சா சந்தோஷப்படுவாரே. அவ்வளவு ஆசையா கேட்டவர் எதுக்கு அதைக் குப்பையில போட்டார்?"

மிசாவோ இன்னொரு மிட்டாயைத் தேடிக் கைப்பைக்குள் வெகுநேரம் துழாவினார்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கன்னு சீட்டு எழுதி அவர் தபால் பெட்டியில போட்டவளே நான்தான் தம்பி."