அளவெடுத்த கைப்பிடி

அடுத்த வீட்டுத் தையல்காரியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஈரக் களிமண் உருண்டையில் அழுத்திக்கொண்டிருந்தான் இவள் கணவன். பின்பக்கக் கொட்டகையின் ஜன்னல் வழியாக இவள் பார்த்தது அவ்வளவுதான். அதற்குமேல் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

தையல்காரி கெட்டிக்காரி. துணியில் கோடு போடாமலே இடக்கையால் சரசரவென்று வெட்டிவிடுவாள். முன்பெல்லாம் "அண்ணே, அண்ணே" என்று அவனை வாய் நிறையக் கூப்பிடுவாள். ஒரு வாரமாக இவளைக் கண்டாலே சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

இவளுக்கோ மூன்று மாதமாக வலது கை மரத்துக் கிடக்கிறது. வழுக்கி விழுந்ததில் ஏதோ நரம்பு போய்விட்டது. எதைப் பிடித்தாலும் நழுவியது. சமையலும் கணவன் தலையில்தான். போன மாதம் ஆஸ்பத்திரியில் இவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவன் மட்டும் டாக்டரிடம் பேசினான். மூன்றே மாதத்தில் கை பழையபடி ஆகிவிடுமாம், பயிற்சியை மட்டும் விடக்கூடாதாம் என்று வந்து சொன்னான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலை காத்திருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் வேலைக்குப் போனதும் கொட்டகையைக் குடைந்தாள். மரத்தூளுக்கு அடியில், பழந்துணியில் சுற்றி இருந்தது ஒரு கத்தி.

அவளுடைய பழைய காய்கறிக் கத்திதான். பிடி உடைந்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்று சொன்னானே, அதே கத்தி. தேய்ந்த முனையை அறுத்து, குட்டையாக்கி, அரத்தால் ராவிப் புதிதாகக் கூர் ஏற்றியிருந்தான். வழவழவென்று ஒரு மரப்பிடி. அதில் விரல் விரலாகப் பள்ளங்கள்.

மரத்த விரல்களை மறு கையால் மடக்கி அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தாள். ஒரு விரல்கூட உட்காரவில்லை. கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

என் கத்தி, அவள் கைக்கு.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தியை மேஜைமேல் வைத்தாள்.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான். ஞாயித்துக்கிழமை தரலாம்னு இருந்தேன், அதுக்குள்ள மோப்பம் பிடிச்சிட்டே."

"பொய் சொல்லாதீங்க. அவ விரலைப் பிடிச்சு அளவெடுத்ததை என் கண்ணால பார்த்தேன். எனக்கு ஒரு விரல்கூடச் சேரல."

"எந்தக் கையில வச்சுப் பார்த்தே?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் கத்தியை எடுத்து அவளுடைய இடது கையில் வைத்தான். இடக்கைக்காரர்கள் எங்கே அழுத்துவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், அதனால்தான் தையல்காரியைக் கூப்பிட்டேன், மூச்சு விடக்கூடாது என்று சொல்லியும் வைத்தேன் என்றான்.

ஐந்து விரல்களும் அச்சில் வார்த்தாற்போல் உட்கார்ந்தன. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு தக்காளியை எடுத்து நறுக்கினாள். நழுவவே இல்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னும் ரெண்டு மாசத்துல வலது கையே வந்துரும். அதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"டாக்டர் நிஜமா என்னங்க சொன்னாரு?"