வீதி மதி

"பதினாறு இஞ்ச் வீல் பார்க்க ரசமா இருக்கும் சாரே. பட்சே அது நிறுத்தி வச்ச வண்டிக்குத்தான் அழகு. ஓடுற வண்டிக்குப் பதினஞ்சு மதி. கனம் குறைவு" என்றான் லிஜோ.

கழக்கூட்டம் பைபாஸில் டயர் கடை வைத்திருக்கும் லிஜோ பேசுவது தமிழ் பாதி, மலையாளம் பாதி. எதிரே நின்ற பிரஜினுக்கு இரண்டுமே முழுசு. பாறசாலைத் தமிழ்க் குடும்பம், ஐ.டி. பார்க்கில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு தன் சிவப்புக் காரைக் கோயம்புத்தூர் ரேஸ் டிராக்குக்கு ஓட்டிக்கொண்டு போவான். வட்டம் வட்டமாகச் சுற்றிவிட்டு அதே காரில் திரும்பி வருவான். பரிசு கிடையாது, கைதட்டல் கிடையாது. ஒரு வாரத்துக்கு முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்கு வந்த சோதனை, புது மனைவி பொன்செல்வி. வள்ளியூர்ப் பெண். 'போகாதீங்க' என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அவன் டிராக்கில் இருக்கும் ஞாயிறுகளில் அவள் உலை வைப்பதில்லை, ஃபோனைக் கீழே வைப்பதில்லை. போன தடவை கார் பம்பர் நசுங்கி வந்தபோது, ஒன்றும் கேட்காமல் அவன் கை காலைத் தடவிப் பார்த்தாள் என்று ஃபிளாட்டில் பேச்சு.

மற்ற நாட்களில் மத்தியானமெல்லாம் எதிர் வீட்டு லிபியோடு உட்கார்ந்து மலையாள சீரியல் பார்ப்பாள். அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை மலையாளம் பேசி யாரும் கேட்டதில்லை. என்னத்தைப் புரிந்துகொண்டு மூக்கை உறிஞ்சினாளோ! மீன்காரி முதல் கேஸ்காரர் வரை எல்லோரிடமும் பிரஜின்தான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர்.

"இதுல என்னங்க வித்தியாசம்? ரெண்டும் கறுப்பா, உருண்டையாத்தானே இருக்கு?" என்றாள் பொன்செல்வி, கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

பிரஜின் உற்சாகமாகக் குத்த வைத்தான். "இது நூத்தி எண்பத்தஞ்சு. ஒல்லி. மழையில தண்ணியைக் கிழிச்சுட்டுப் போகும். பக்கவாட்டு ரப்பர் உயரம். குழியில விழுந்தாலும் உன் இடுப்பு நோகாது. ஊருக்குள்ள ஓட்ட இதுதான். அந்தா, அது இருநூத்தி அஞ்சு. அகலம். வளைவுல ரோட்டைக் கட்டிப் பிடிச்சுக்கும். அது டிராக்குக்கு."

"ரெண்டையும் வாங்கி மாத்தி மாத்திப் போட்டா?"

"எங்க வைக்க? பால்கனியில, நீ துணி காயப்போடுற கொடிக்குக் கீழயா?"

"அப்போ ஏதாவது ஒண்ணுதான்" என்றாள் மெல்ல.

பிரஜினின் கண் மட்டும் அகல டயரை விட்டு நகரவில்லை.

லிஜோ அதை உருட்டிக்கொண்டு வந்தான். "ஈ வீதி மதியோ சாரே? இனியும் கூட்டணோ?"

"ஈ வீதி மதி" என்றான் பிரஜின்.

நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம். பொன்செல்வி எழுந்து நின்றாள்.

"நெசமாவா சொல்லுதிய? வீதி போதுமா?"

"என்ன செல்வி?"

"வீதியில ஓட்டினாப் போதும், டிராக் வேண்டாம்னு இப்பதானே அவர்கிட்ட சொன்னிய!" என்றவள் துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

மலையாளத்தில் 'மதி' என்றால் போதும். பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர் எவருக்கும் அது தெரியும். 'வீதி' என்றால் அகலம். அது வள்ளியூரில் யாருக்குத் தெரியும்?

"இல்ல செல்வி, வீதின்னா..." என்று ஆரம்பித்தான் பிரஜின். அவள் தோள்களைப் பார்த்தான்.

"வீதின்னா... வீதிதான். போதும்" என்றான்.

லிஜோவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "சேட்டா, நூத்தி எண்பத்தஞ்சு போட்டிருங்க."

"அப்போ டிராக்?"

"டிராக் வேண்டாம். இனிமே வேண்டாம்."

"இத்தனை நாள் சோறு தின்னும்போழும் ஃபோன் செய்து இருநூத்தி அஞ்சு, இருநூத்தி அஞ்சுன்னு என் உயிரை எடுத்தது யாரு? சாரோட ஆவியா?"

பிரஜின் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "முகம் கழுவிட்டு வரேன்" என்று கடைக்குப் பின்னால் இருந்த குழாயைப் பார்த்து நடந்தான்.

லிஜோ பெருமூச்சு விட்டு, ஒல்லி டயரை எடுக்கக் குனிந்தான்.

"அது வேண்ட சேட்டா. வீதி கூடியது இட்டால் மதி."

லிஜோ திடுக்கிட்டு நிமிர்ந்தான். பொன்செல்வியின் விரல் அகல டயரைக் காட்டிக்கொண்டிருந்தது. துப்பட்டா விலகிய முகத்தில் அழுத சுவடே இல்லை. சிரிப்பை அடக்கி அடக்கிச் சிவந்திருந்தது.

"சேச்சிக்கு மலையாளம் அறியுமோ!"

"மெல்லப் பேசுங்க" என்று அவள் தமிழுக்கு மாறினாள். "எனக்காக இவ்வளவு சட்டுனு நிறுத்துதவுக, வளைவுல நிறுத்தாமலா போயிருவாக? ஒல்லி டயர் ஸ்டாக் இல்லைன்னு சொல்லிருங்க. ஆனா எனக்கு மலையாளம் தெரியும்னு மட்டும் சொல்லிராதிய. அப்புறம் அவுக ஒவ்வொரு வார்த்தையா என் காதுகிட்ட வந்து சொல்ல மாட்டாக."