ஏழாம் வாய்ப்பாடு

"ஸ்பீக்கர் ஒயரைப் புடுங்கினது யாரு?"

ஐந்தாம் வகுப்பின் பதினாறு பிள்ளைகளும் ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளைகளாட்டம் உட்கார்ந்திருந்தன.

ஜோதி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை.

சும்மா பாடமா அது? அவரே தொகுத்த வீடியோப் பாடம்: உலகப் போரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும், நம்ம சனம் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியதும். பத்து வயசுப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று நாலு ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் உட்கார்ந்து சலித்திருந்தார். ரத்தம், பிணம் எல்லாம் நீக்கியாயிற்று. படத்தின் ஆரம்பத்தில் வரும் அபாயச் சங்கு மட்டும் இருக்கட்டும், அதுதான் பாடத்துக்கே உயிர் என்று வைத்திருந்தார். ஒயரும் சரியாக அதற்கு முன்னால்தான் காணாமல் போகிறது!

"நாளைக்கு பி.இ.ஓ. மேடம் வர்றாங்க. அவங்களுக்குப் புடிச்சா எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இந்தப் பாடம் போகும். என் மானத்தை வாங்கிராதீங்க சாமி."

"சரிங்க டீச்சர்!"

நம்ப முடியுமா? ஜூனில் சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த நாளாய்ப் பார்க்கிறாரே. மத்தியானம் கல்குவாரியில் சங்கு ஊதினால் போதும், சோத்து நேரம் வந்த குஷியில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொண்டை கிழியக் கத்தும் வானரப் படை. திட்டியும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். கேட்டால்தானே!

மறுநாள் வட்டாரக் கல்வி அலுவலர் சாரதாமணி வந்து சேரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. டீச்சர் வீட்டிலிருந்து புது ஒயரே கொண்டுவந்திருந்தார். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியையும் கரும்பலகையில் எழுதிவிட்டார்: 'குண்டு விழுந்தபோது மக்கள் ஒருவருக்கொருவர் எப்படித் துணை நின்றார்கள்?'

திரையில் ரங்கூன் துறைமுகம் வந்தது.

"இப்பக் காதைத் தீட்டிக்கங்க..."

முன்வரிசையிலிருந்து தனப்பிரியா எழுந்தாள். அலுவலர் பார்க்கப் பார்க்க, விறுவிறுவென்று வந்து ஒயரை உருவி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அடிப்பாவி!

"நீதானா அது? குடு இங்க!"

"மாட்டேனுங்க டீச்சர்."

"என்ன திமிரு! வெளிய போ!"

தனப்பிரியா போகவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒயரை மட்டும் விடவில்லை.

மதன் எழுந்தான். "நேத்து புடுங்குனது நானுங்க டீச்சர்."

"அதுக்கு முந்தி நானுங்க" என்றாள் அகல்யா.

சாரதாமணி பேனாவை மூடினார். "என்ன டீச்சர், கிளாஸ் இந்த லட்சணத்துலதான் இருக்குதா?"

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது ஜோதி டீச்சருக்கு.

அந்த நேரம் பார்த்தா குவாரிச் சங்கு ஊத வேண்டும்? பாறைக்கு வெடி வைக்கிறார்கள், யாரும் கிட்டே வராதீர்கள் என்கிற சங்கு.

"ஓரேழு ஏழு! ஈரேழு பதினாலு!"

மொத்த வகுப்பும் கத்திக்கொண்டே சன்னலோர மூலைக்கு ஓடியது.

"வாயை மூடுங்க! மேடம் இருக்காங்க!" என்று டீச்சரும் பின்னாலேயே ஓடினார்.

அப்போதுதான் பார்த்தார். பிள்ளைகளுக்கு நடுவில் சுகன்யா, முழங்காலில் முகம் புதைத்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒயரைக் கீழே போட்டுவிட்டு, தனப்பிரியா இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்தியிருந்தாள்.

"என்னடா மதன் இது?"

"போன வருசம் இந்தச் சங்கு ஊதுனதுக்கப்புறம்தாங்க டீச்சர், பாறை உழுந்து இவங்க அப்பா செத்துட்டாரு. சத்தம் இவ காதுல உழக்கூடாதுன்னுதான் கத்தறோம். உங்க படத்துலயும் அதே சங்குன்னு, நீங்க தனியாப் போட்டுப் பாத்தப்பவே கேட்டுட்டோமுங்க."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாளுங்க."

ஜோதி டீச்சர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். சாரதாமணியும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

சங்கு இன்னும் ஓயவில்லை. டீச்சர் சுகன்யாவின் பக்கத்தில் மண்டியிட்டு, பிள்ளைகளைவிடச் சத்தமாகக் கத்தினார்: "எட்டேழு ஐம்பத்தாறு!"

பின்னாலிருந்து வந்தது அலுவலரின் குரல்: "ஒம்பதேழு அறுபத்து மூணு!"