பனைமர உயரம்

"பாதிதாம்மா. மருந்தடிக்கிற விமானத்துல பறந்த மணிக்கணக்கெல்லாம் பாதிதான்."

மேனேஜர் ராஜாராம் இதைச் சொல்லும்போது நீலாவதியைப் பார்க்கவில்லை. மேசைமேல் அவள் வைத்த பறப்புக் குறிப்பேட்டைத்தான் பார்த்தார். அட்டையில் அவள் அண்ணன் அரிகிருஷ்ணனின் பெயர். மல்லாட்டைச் செடியில் கம்பளிப்புழு விழும் பருவம்தோறும் இந்தக் கம்பெனிக்காக மருந்து தெளித்தவன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறை. மூலையில் மருந்து டின்கள். அந்த நாற்றம் அவளுக்குப் புதிதல்ல. அண்ணன் சட்டையை மூன்று முறை அலசினாலும் போகாது.

"முழுசா எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். ஆயிரத்து நானூத்தி எம்பத்தாறு மணி."

மாசி மாதம் இதே மேசையில்தான் அவர் ஆயிரத்து நானூறு மணியை எழுநூறு என்று எழுதிக் கொடுத்தார். பயணிகள் விமானக் கம்பெனி கேட்டது ஆயிரம். வேலை வேறொருவனுக்குப் போயிற்று. ஃப்ளையிங் கிளப் விமானத்தில் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு மெரினாவுக்கு மேல் வட்டமடித்தவன். அவனுடைய மணியை யாரும் பாதியாக வெட்டவில்லை.

அரிகிருஷ்ணன் மருந்து டின்னுக்கே திரும்பினான்.

"அந்த வேலைக்குத்தான் ஆள் எடுத்தாச்சேம்மா. இனிமே இது எதுக்கு?"

"எனக்கு வேணும்."

ராஜாராம் பொறுமையாக விளக்கினார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. இரண்டு என்ஜின் கிடையாது. பின்னால் பயணிகள் கிடையாது. பத்தாயிரம் அடி ஏறியது கிடையாது.

"பனைமர உசரத்துல போறதை எவன் பறக்கிறதுன்னு ஒத்துக்குவான்?"

"மேல வெறும் காத்துதான் சார் இருக்குது. மரமும் கம்பியும் கீழதான் இருக்குது. அவலூர்பேட்டை ரோட்டுல வயலுக்கு வயல் புதுசா கரண்டு கம்பி இழுத்தாங்களே, அங்க யாரும் போக மாட்டேன்னப்ப, அனுபவசாலி, அரியை அனுப்புன்னு சொன்னது நீங்கதான? அன்னிக்கு இன்னா, அவன் பாதி ஆளா?"

அவர் கண்ணாடிக் குண்டின் கீழிருந்த தட்டச்சுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆனால் தாமதமாகத்தான். உள்ளே நுழைந்ததுமே அவள் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டாள். மேலே தேதி, 12-7-66. கீழே ஒரு வரி. விபத்துக்குக் காரணம்: விமானிக்கு அனுபவம் போதாது.

அவளைப் பெற்ற நைனா கைநாட்டு. அவள் பி.எஸ்ஸி. கணக்கு. குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அடியில் கூட்டல் அவள் கையெழுத்துதான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணன் அதை அவள் மடியில் போட்டு, "கூட்டிக் குடு, காலேஜ்காரி" என்பான். டாங்கி காலியானதும் ஏரிப் பொட்டலில் இறங்க வேண்டும், மருந்து நிரப்பி உடனே ஏற வேண்டும். மணிக்கு ஆறு தடவை. யாரும் கேட்காத அந்தக் கணக்கை ஓரத்தில் ஏறியது, இறங்கியது என்று இரண்டு பத்தியாகத் தானே போட்டு வைத்திருந்தான்.

அவள் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் தள்ளினாள்.

"சரி சார். மணியைப் பாதியாவே எழுதிக்குங்க. இந்த ரெண்டு கூட்டலை மட்டும் முழுசா எழுதுங்க."

விட்டால் போதும் என்று ராஜாராம் பேனாவைத் திறந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

ஏறியது, ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

இறங்கியது, ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினொன்று.

"ஒண்ணு குறையுதேம்மா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அவள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா சார். கையெழுத்துப் போடுங்க."