அஞ்சே அஞ்சு நம்பர்

"அரசாங்கம் டவரைப் புடிச்சிட்டா, நம்ம தோட்டத்துல அஞ்சே அஞ்சு போன்தான் அடிக்கும். மொதல் போன் என்னோடது. எழுதுடா காளிதாஸ்!"

தொழிற்சங்கத் தலைவர் ராமச்சந்திரன் மேசையில் தட்டினார். கூட்டம் பிள்ளை மடுவத்தில் நடந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் என்பதால், நாற்காலிகள் எல்லாம் ஓரடி உயரம். தோட்டத்தின் பெரிய மனிதர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து நாட்டின் நெருக்கடியைப் பற்றி யோசித்தார்கள்.

காலையில் பிரதேச செயலகத்திலிருந்து வந்த அதிகாரி ஸமீம் சேர்தான் இந்தப் பரபரப்புக்குக் காரணம். நாட்டுக்குப் பெரிய ஆபத்து வந்தால் தொலைத்தொடர்பு முழுவதையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், சாதாரண போன்கள் எல்லாம் அடங்கிவிடும், தோட்டத்துக்கு ஐந்து நம்பர் மட்டும் உயிரோடு இருக்கும், இன்றைக்கே ஒத்திகை. "மிச்சமெல்லாம் ஃபோர்ம்ல இருக்கு. பன்னெண்டு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று நான்கு பக்கப் படிவத்தை நீட்டிவிட்டு, அவர் அடுத்த தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் அச்சில் இருக்கிறதாம். அதனால் யட்டியாந்தோட்டையில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்த காளிதாஸைக் கூப்பிட்டார்கள். தோட்டத்துக்கு வரும் எல்லாப் படிவங்களையும் நிரப்புவது அவன்தான். தலைவர் பஸ் கண்டக்டரைத் திட்டும் அளவுக்குச் சிங்களம் பேசுவார். வாசிக்கத்தான் வராது.

"ரெண்டாவது, என் மச்சான்."

"அவர் எதுக்கு தலைவரே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் பேசுறப்ப அந்தப் பக்கம் ஒருத்தன் கேக்க வேணாமா?"

மச்சான் பெயரும் ஏறியது. மூன்றாவது நம்பரைக் கோயில் கமிட்டிச் செயலாளர் சாமியின் சார்பில் வாங்கினார். நான்காவதைக் கடை முதலாளி வாங்கினார். அவசர காலத்தில் பருப்பு விலை ஏறினால் சனங்களுக்கு உடனே அறிவிக்க வேண்டுமாம்.

கதவோரம் நின்ற, மேல் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள். கூடை சுமக்கும் கயிறு இன்னும் தலையில் இருந்தது.

"அஞ்சாவதையாவது மேல் லயத்துக்குக் குடுங்க. மலை வெடிச்சுக் கெடக்கு. அடியில பதினேழு வீடு. போன மழையில போன் எல்லாம் செத்துப்போயி, ஓடுங்கன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. மண்ணு வாசப்படிக்கு வந்தப்புறம்தான் புள்ளைகளை இழுத்துக்கிட்டு ஓடினோம். அடுத்த தடவ அவ்வளவு நேரம் கெடைக்காதுங்க."

தலைவர் குட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பஞ்சவர்ணம், மண்ணு வந்தா நான் இங்கயிருந்து சத்தம் போடுறேன்."

"ரெண்டு கட்டை தூரம் தலைவரே!"

"மே தினத்தன்னைக்கு நான் பேசுனது கேக்கலையா?"

"அது மைக்குல கேட்டுச்சு."

சிரிப்பை அடக்கச் சிலர் இருமினார்கள். தலைவரின் முகம் சிவந்தது.

"அஞ்சாவது, என் மக சுஜீதா."

"சுஜீதா கொழும்புலல்ல இருக்கு!"

"தீவாளிக்கு வரும். அன்னைக்குப் பாத்து ஆபத்து வந்திருச்சுன்னா, நீ பொறுப்பெடுப்பியா?"

காளிதாஸ் தலையை நிமிர்த்தவே இல்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒங்க பேரைத்தான் மொதல்ல போட்டிருக்கேன் தலைவரே. போன் என்ன மாடல்?"

"மாடல் எதுக்குடா?"

"இந்தப் பக்கத்துல கேக்குது."

தலைவர் போனை எடுத்து உயர்த்திக் காட்டினார். "புதுசு. மூணு கேமரா. எழுது!"

"சார்ஜர் இருக்கான்னும் கேக்குது."

"ஒரிஜினல் சார்ஜர்! அதையும் எழுது."

"என்னோடது நாலு கேமரா" என்றார் கடை முதலாளி. தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்; ஐந்தாவது நம்பருக்கும் சேர்த்துத் தலைவரே போட்டார். போடும்போது மச்சான் படம் பிடித்தார். சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை போட்டார்.

"பஞ்சவர்ணக்கா, நீங்களும் இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்றான் காளிதாஸ், முதல் பக்கத்தைத் திருப்பி நீட்டி.

"எனக்கு எதுக்குடா? நீயும் அவங்க பக்கம்தானா?"

"கூட்டத்துக்கு வந்தீங்கல்ல. போடுங்கக்கா."

"போடட்டும், போடட்டும்" என்று தலைவர் பெருந்தன்மையாகக் கையசைத்தார். அவள் எரிச்சலோடு கிறுக்கினாள்.

பன்னிரண்டு மணிக்கு ஸமீம் சேர் வந்தார். நின்றபடியே படிவத்தைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் கண் நின்றது. திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார். மறுபடி மூன்றாம் பக்கம். பிறகு நேராக வந்து தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, இன்னைக்கு நாலு தோட்டம் சுத்திட்டேன். இப்படி ஒரு மனசை எங்கயும் பாக்கல!"

"தலைவன்னா முன்னுக்கு நிக்கணும் சேர்" என்றார் ராமச்சந்திரன், எதற்கென்று தெரியாமலேயே. மச்சான் கைதட்ட, கூட்டமும் தட்டியது. "நாட்டுக்காக நாங்க எதுக்கும் ரெடி!"

"தெரியுது, தெரியுது" என்று ஸமீம் சேர் தோளிலிருந்த துணிப்பையைக் கழற்றி அவர் முன்னால் விரித்துப் பிடித்தார். "மொதல் பக்கத்துல அஞ்சு நம்பரையும் பஞ்சவர்ணம் பேர்ல மேல் லயத்துக்கே விட்டுட்டு, மூணாம் பக்கத்துல சொந்த போனை அரசாங்கத்துக்கு ஒப்படைக்கிறவங்க பட்டியல்ல நீங்க அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே! ஒத்திகை தொடங்கிருச்சு தலைவரே, மொதல்ல உங்க போனைப் போடுங்க."